சும்மா விட்ட தொட்டி

ஓர் உரத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் அந்த உரம் போடாத செடி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அதே மண், அதே விதை, அதே தண்ணீர், அதே வெயில். உரம் மட்டும் கிடையாது. அந்தச் செடி இல்லையென்றால், உரம் போட்ட செடி எவ்வளவு செழித்தாலும் அது உரத்தால் செழித்ததா மழையால் செழித்ததா என்று சொல்ல முடியாது. ஆசிரியர் இதற்கு 'ஒப்புச் செடி' என்று பெயர் வைத்திருந்தார். நான் சும்மாத் தொட்டி என்று எழுதிக் கொடுப்பேன். அச்சில் வரும்போது அது ஒப்புச் செடி ஆகியிருக்கும்.

ஆசிரியர் என்று நான் சொல்வது பாலக்கரையில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளியை. கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும் அடித்துப் பிழைத்த அந்த அச்சகத்தில், வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்காக ஒரு மாத இதழும் நடத்தினார். நான் பைண்டிங் பகுதியில் இருந்தேன். அச்சான பெரிய தாளை, அதாவது ஃபாரத்தை, மடிப்பது, தைப்பது, ஓரம் வெட்டுவது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் மடிக்கிற தாளைப் படித்துக்கொண்டே மடிக்கிற பழக்கம் இருந்தது.

விதைக் கடைக்காரர்களும் பூவாளி செய்கிறவர்களும் தங்கள் சாமான்களை இதழுக்கு அனுப்பி நாலு வரி எழுதச் சொல்வார்கள். ஆசிரியர் குடியிருந்தது மாடியில். ஒரு துளசிக்கே இடமில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்ரீரங்கத்துல கொல்லையோட இருக்கியாமே?"

"ஆமாங்க."

"இந்த வெண்டைய போட்டுப் பாத்து எப்படி வருதுன்னு சொல்லு."

போட்டேன், வந்தது. ஆனால் அவர் மேஜைக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பைண்டிங்கில் கழித்துப் போட்ட தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் அந்தத் தாளை நானே மடித்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தி அப்படியே போட்டிருந்தார். கீழே பெயர் இல்லை. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

அப்படி ஆரம்பித்தது எழுபதுகளின் நடுவில். பிறகு மாதா மாதம் ஒரு பக்கம் என்னுடையது ஆகிவிட்டது. சோதிப்பதற்கு நாங்களாகவே சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். கம்பெனிக்காரர் அனுப்பிய விதைப் பொட்டலத்தை மட்டும் நம்பக் கூடாது, அதில் பொறுக்கி எடுத்த விதை இருக்கும். கடையில் போய் அதே விதையை யாரென்று சொல்லாமல் வாங்கி வர வேண்டும். இரண்டையும் தனித்தனியாக ஈரத்துணியில் முடிந்து முளைவிட்டுப் பார்க்க வேண்டும். மருந்து தெளிக்கிற பம்பில் முதலில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் துணிக்கொடியில் தொங்கவிட வேண்டும். ஒழுகுகிற இடத்தில் நுரை காட்டிக் கொடுக்கும். ரப்பர் குழாயை ஒரு கோடை முழுக்க வெயிலில் போட்டுவிட்டுத்தான் அதைப் பற்றிப் பேச வேண்டும். சித்திரை வெயிலைத் தாண்டாத சாமானைப் புகழ்ந்து எழுதினால் ஆனியில் வாசகர் திட்டுவார்.

நான் குடியிருந்தது கொள்ளிடம் பக்கம் ஒரு வீட்டின் கொல்லையில். பழைய மாட்டுக் கொட்டகையை இரண்டு அறையாகத் தடுத்து எனக்கு விட்டிருந்தார்கள். முன்பக்க வீட்டில் மாமியும் மாமாவும். நடுவில் ஒரு கிணறு. மாமா கோயில் கைங்கரியத்தில் இருந்தவர், அதிகம் பேச மாட்டார். மாமி பேசுவார், ஆனால் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுதான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பார்க்க வேண்டியவர்கள் காலத்தில் பார்க்கவில்லை, பிறகு நானும் கேட்கவில்லை. காலையில் பஸ் பிடித்துப் பாலக்கரை போவேன். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவேன். அச்சகத்தில் மெஷின் சத்தத்தில் யாரும் பேச முடியாது, வீட்டில் பேச யாரும் இல்லை. சில நாள் பஸ்ஸில் "ஸ்ரீரங்கம் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டதுதான் அன்றைக்கு நான் பேசிய பேச்சு என்று படுக்கப் போகும்போது ஞாபகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிகளைத் திருப்பி வைக்கிற வேலை. வெயில் ஒரே பக்கம் அடித்தால் செடி அந்தப் பக்கமே சாயும். சோதனையில் அது ஆகாது. அப்போது என்னிடம் இருந்தவை பெரிய சிமெண்டுத் தொட்டிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றைத் திருப்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தபோது, சந்து வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். ஸ்டாண்டு போட்டுவிட்டு, யார் எவர் என்று சொல்லாமலே தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார். திருப்பி வைத்த பிறகுதான் பேசினார்.

"பம்பு ஒழுகும்னு எழுதினது நீங்கதானே?"

நான் பயந்துவிட்டேன். பம்பு செய்தவரோ என்று நினைத்தேன்.

"நான் அதுக்கு முன்னாடியே வாங்கித் தொலைச்சிட்டேங்க. நீங்க சொன்ன எடத்துலயேதான் ஒழுகுது. இப்படி உண்மைய எழுதுறவன் யாருடான்னு பாக்கலாம்னு வந்தேன். பிரஸ்ல கேட்டேன், சொன்னாங்க."

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டைச் சுற்றி ரோஜாவும் கத்தரியும் போட்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஞாயிறு காலை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக் காவிரிப் பாலம் தாண்டி வந்துவிடுவார். அன்று ஆரம்பித்து அநேகமாக எல்லா ஞாயிறும் வந்தார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை எழுத்தாளரே என்பார். கேலிதான், ஆனால் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"என்ன எழுத்தாளரே, சும்மா நிக்கிறவரு எப்படி இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே வருவார். சும்மாத் தொட்டியைக் கேட்கிறாரா என்னைக் கேட்கிறாரா என்று முதலில் விளங்கவில்லை. தொட்டியைத்தான்.

இரண்டு பேருமாகத் தொட்டிகளைத் திருப்புவோம். நான் டீ போடுவேன். அவர் பேசுவார், நான் கேட்பேன். அவருடைய பேச்சுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இன்னொரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன், அவ்வளவுதான்.

ஒரு ஆடி மாதம் அவர் ஒரு டால்டா டின்னோடு வந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு தூள். மூடியைத் திறந்ததுமே அடித்த வாடையில், மாமி நிற்கிறாரா என்று நான் கிணற்றடியைப் பார்த்தேன்.

"மீன் கழிவு காயவச்சு அரைச்சது, கடலப்புண்ணாக்கு, வேப்பம்புண்ணாக்கு, எலும்புத் தூளு. அளவு மட்டும் கேக்காதீங்க, அது கம்பெனி ரகசியம்."

"எந்தக் கம்பெனிண்ணே?"

"நாந்தான் கம்பெனி. ரிட்டயர் ஆகப்போறேன்ல? கையக் கட்டிக்கிட்டு ஒக்காரச் சொல்றீங்களா?" பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்தார். மஞ்சள் தாளில் சிவப்பு ரோஜா. எங்கள் அச்சகத்திலேயே அடித்திருந்தார், எனக்குத் தெரியாமல். "நீங்க போட்டுப் பாருங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. எனக்குன்னு பாக்காதீங்க."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் லேபிளை ஓரம் மடங்காமல் திரும்ப உறையில் வைத்த விதத்தைப் பார்த்தேன். நன்றாக இல்லையென்றால் என்ன ஆகும் என்று அப்போதே நினைத்தேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது அவரால்.

செம்மண், கொள்ளிடத்து மணல், மண்ணச்சநல்லூர் மில்லில் வாங்கிய உமி, எல்லாம் சமமாகக் கலந்து எல்லாத் தொட்டியிலும் நிரப்பினேன். பாதியில் கத்தரி, பாதியில் கனகாம்பரம். எப்போதும் தூள் போட்ட தொட்டி ஒன்று, சும்மாத் தொட்டி ஒன்று என்று மாற்றி மாற்றி வைப்பதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அப்படி வைக்கவில்லை. அந்த வீட்டுக் கொல்லையில் மீன் வாடை வரலாமா? வாடகைக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு முட்டைகூட அங்கே வேகவைத்ததில்லை. அதனால் தூள் போட்டவற்றை எல்லாம் மதில் ஓரமாகத் தள்ளி வைத்தேன். சும்மாத் தொட்டிகளைக் கிணற்றுப் பக்கம் வைத்தேன். வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், பார்த்துத்தான் வைத்தேன்.

அப்படியும் மாமி கண்டுபிடித்தார்.

"என்னப்பா, மதில் பக்கம் ஏதாவது செத்துக் கெடக்கா?"

"உரம் மாமி."

"உரமா? கர்மம். எத்தனை நாளைக்கு?"

"கத்தரி காய்க்கிறவரைக்கும்."

மாமி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமாவிடம் சொல்லி என்னைக் காலி பண்ணச் சொல்வார் என்று இரண்டு நாள் பயந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

புரட்டாசியில் கத்தரி பூத்தது. ஐப்பசியில் காய்த்தது. மதில் ஓரத்துச் செடிகள் நன்றாக வந்தன. கிணற்றடிச் செடிகளும் அதேபோல நன்றாக வந்தன. இலையைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். காய்களைப் பறித்துத் தராசில் வைத்தேன். வித்தியாசம் இல்லை. ஒரு கிணற்றடிச் செடி கொஞ்சம் கூடுதலாகவே காய்த்திருந்தது.

அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பறிப்பு அன்று தராசை அவரே பிடித்தார். இந்தத் தட்டையும் அந்தத் தட்டையும் பார்த்தார். கைமாற்றிப் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

"உங்க சும்மா நிக்கிறவரு பெரிய ஆளுதான்," என்றார்.

"அண்ணே, இன்னொரு பட்டம் போட்டுப் பாக்கலாம். இப்ப எழுத வேணாம்."

"ஊரான் பம்புன்னா ஒரு பட்டம், என் தூளுன்னா ரெண்டு பட்டமா?" தராசைக் கீழே வைத்தார். "எழுதிடுங்க. நீங்க பாத்ததத்தானே நானும் பாத்தேன்."

டீயைக் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். அதற்கு முன் அவர் கழுவியதில்லை.

கார்த்திகை இதழில் வந்தது. தூளின் பெயரைப் போட்டு, பார்த்தவை எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் வேறுபாடு தெரியவில்லை" என்று முடித்திருந்தேன். அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு மழையில்லை, அவரும் இல்லை. சிமெண்டுத் தொட்டிகளை நான் தனியாகவே பாதி திருப்பினேன். மீதியை அப்படியே விட்டேன்.

மார்கழியில் அடுத்த பட்டத்துக்காகத் தொட்டிகளைக் காலி செய்தேன். மதில் ஓரத்துத் தொட்டிகளில் மண்ணும் வேரும். கிணற்றடித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்தபோது மண்ணோடு நார் வந்தது. வாழை நார். பூக்கட்டுகிற நார், முடிச்சோடு. இன்னொன்றைக் கவிழ்த்தேன். அதிலும் நார். சுற்றிலும் கறுத்து மட்கிய பூ, துளசித் தண்டு. செடி நின்ற மாதங்களில் மேல்மண் சில நாள் கிளறினதுபோல இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெருச்சாளி என்று நினைத்தேன்.

கிணற்றடியில் மாமி தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார். நாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரே கேட்டார்.

"என்னப்பா அப்படிப் பாக்கற? பெருமாளுக்குச் சாத்திக் களைஞ்ச மாலைதான். கால் படற எடத்துல போடப்படாதோன்னோ? அதான் செடிக்கடில மூடினேன்."

"தண்ணியும் ஊத்துனீங்களா மாமி?"

"அரிசி களைஞ்ச ஜலம், பருப்பு களைஞ்ச ஜலம். தினமும்தான். நீ வேலைக்குப் போயிடற. அந்தப் பக்கத்துச் செடிக்கெல்லாம் என்னமோ கொண்டு வந்து கொட்டற. இதுகளுக்கு ஒண்ணுமே போட மாட்டேங்கற. என்ன பாவம் பண்ணித்து இதுகள்?"

"அந்தப் பக்கத்துக்கு ஊத்தலையா?"

"அந்தப் பக்கம் நாத்தம் தாங்கலையேப்பா. நான் ஏன் அங்க வரேன்?"

நான் எப்போதும்போல மாற்றி மாற்றி வைத்திருந்தால் மாமி எந்தத் தொட்டிப் பக்கமும் வந்திருக்க மாட்டார். மாமிக்கு வாடை போகக் கூடாது என்று நான் ஒதுக்கி வைத்தேன். ஒன்றும் கிடைக்காமல் நின்ற சும்மாத் தொட்டிகளைப் பார்த்து மாமிக்குப் பாவமாக இருந்திருக்கிறது. இந்த இரண்டிலும் யாரைக் குறை சொல்வது?

ஆசிரியரிடம் அதைச் சொல்ல, வழக்கம்போல, எழுதித்தான் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மறுபடி போடு. தெரிஞ்சதும் திருத்தம் போட்டுடலாம். ஆனா மாமி ஊத்துனத ரொம்ப எழுதிடாத. எல்லாரும் அரிசித் தண்ணிக்கு மாறிட்டா பின்னட்டைக்கு எவன் விளம்பரம் குடுப்பான்?"

அந்த வாரமே பொன்மலைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. என்ன சொல்வது? தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் சொன்னால் ஆறுதல் சொல்ல வந்ததுபோல இருக்கும். கையில் முடிவோடு போக வேண்டும் என்று நினைத்தேன். டின்னில் மீதித் தூள் இருந்தது. தைப் பட்டத்தில் மறுபடி கத்தரியும் கனகாம்பரமும் வைத்தேன். இந்தத் தடவை சிறிய மண்தொட்டிகள், மாற்றி மாற்றி. மாமியிடம் கேட்டுக்கொண்டேன்.

"ஊத்தாதேன்னா ஊத்தலை. ஆனா பாக்கச் சகிக்கலை," என்றார். பிறகு அந்தப் பக்கமே பார்க்காமல் தண்ணீர் இழுத்தார்.

வாடை வந்துகொண்டுதான் இருந்தது. மூக்கை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

அந்தத் தை, மாசி, பங்குனி ஞாயிறுகளை நான் எப்படிக் கழித்தேன் என்று யோசித்தால், தொட்டிகளைத் திருப்பியது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ஒரு கையால் திருப்பிவிடலாம். சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு சந்தில் சைக்கிள் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவேன். பால்காரர், தபால்காரர், யாராவது. சித்திரையில் காய் பறித்தேன். தூள் போட்ட கத்தரி, போடாததைவிட நன்றாகவே காய்த்தது. பார்த்ததுமே தெரிந்தது, தராசு தேவைப்படவில்லை. கனகாம்பரத்தில் வேறுபாடு இல்லை. இரண்டையும் எழுதினேன். முதல் சோதனை ஏன் கெட்டது என்பதையும், ஆசிரியர் விட்ட அளவுக்கு எழுதினேன்.

இதழ் வந்ததும், அதை மடித்துத் தைத்த கையோடு பொன்மலைக்குப் பஸ் ஏறினேன். அதுவரை நான் அவர் வீட்டுக்குப் போனதே இல்லை. அவர்தான் வருவார். பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "அண்ணே, ஞாயித்துக்கிழமை வாங்க." அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்திருந்தேன்.

வேலை முடிகிற சாயங்காலச் சங்கு ஊதி, சைக்கிள்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. குவார்ட்டர்ஸ் வேலி ஓரம் அவர் சொல்லிக் கேட்டிருந்த கத்தரிப் பாத்திகள் வெறுமையாக இருந்தன. அவர் கைலியோடு வெளியே வந்தார். முன்னைவிட நரைத்திருந்தார்.

"எழுத்தாளரே. வழி தெரிஞ்சுதா?"

இதழை நீட்டினேன். கேட்டிலேயே நின்று படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"நாரா? எந்த நாரு?"

"மாலை கட்டுற நாருண்ணே. மாமி வீட்டுப் பெருமாளுக்குச் சாத்துன மாலை. சும்மாத் தொட்டில பொதைச்சிருக்காங்க. தெனம் அரிசித் தண்ணி வேற."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தா, இங்க வா," என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். "நான் யாருகிட்ட தோத்தேன்னு தெரியுமா? ஸ்ரீரங்கத்துப் பெருமாள்கிட்ட."

"பேசாம இருங்க, சாமி விஷயம்," என்றார் அந்தம்மா. ஆனால் அவரும் சிரித்தார்.

"சாமிகிட்ட தோத்தா வெக்கம் இல்லங்க. சும்மாத் தொட்டிகிட்ட தோத்துட்டமேன்னுதான் எனக்கு," என்று சொல்லி நிறுத்தினார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். காப்பி வந்தது. தூள் அரைப்பதை விட்டுவிட்டதாகச் சொன்னார். மிச்சம் இருந்ததைக் கல்லறைத் தோட்டத்து ரோஜாக்களுக்குப் போட்டுவிட்டாராம். பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டதால் ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கேதான் வேலை. கூட நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

"நல்லா வருதுங்க. அங்க சும்மாத் தொட்டி வைக்க முடியாது, எல்லாருக்கும் போட்டாகணும். செத்தவங்க சொந்தக்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் கோபமாக இருந்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் கோபமாக இல்லை. அவருடைய ஞாயிற்றுக்கிழமையில் இடம் இல்லை, அவ்வளவுதான். நான் பஸ்ஸில் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே இருந்தது. அவர் கேட் வரை கூட வந்தார்.

"வரேன் ஒரு நாளைக்கு," என்றார்.

"வாங்கண்ணே," என்றேன்.

வருஷக் கடைசியில் அவர் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார் என்று அவர் லேபிளுக்கு எழுத்துக் கோத்த கம்பாசிட்டர் சொன்னார்.

அதற்குப் பிறகு எதைச் சோதித்தாலும் தொட்டிகளை மாற்றி மாற்றித்தான் வைத்தேன். அவற்றைத் தவிரக் கிணற்றடியில் இன்னொரு தொட்டியும் வைத்தேன். அது மாமிக்கு. மாலையும் ஜலமும் அதில் போகும். எது வைத்தாலும் அதுதான் நன்றாக வரும். அதைப் பற்றி நான் எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி அதற்கு ஊற்றிவிட்டு, "அந்தப் பொன்மலைக்காரர் இப்பல்லாம் வரதில்லையோ?" என்று கேட்பார். ஊருக்குப் போய்விட்டார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முன்பெல்லாம் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் சோதித்து எழுதினீர்களே, சில வருஷங்களாகச் சிறிய மண்தொட்டிகளிலேயே சோதிக்கிறீர்கள், என்ன காரணம் என்று. மண்தொட்டியில் ஈரம் சீராக இருக்கும், வேருக்குக் காற்று கிடைக்கும் என்று பதில் எழுதினேன். இரண்டும் உண்மை. கடைசியில் இன்னொரு வரியும் எழுதினேன். பெரிய தொட்டியைத் திருப்பி வைக்க மறுபக்கம் பிடிக்க ஒருவர் வேண்டும்.

ஆசிரியர் அதில் கை வைக்கவில்லை. அந்த மாதம் அந்தத் தாளையும் நான்தான் மடித்தேன்.